போட்டோ கவரில் மூன்று விவரம் எழுத வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்யாணம், காதுகுத்து, வீட்டுக் கூடத்தில் மாட்டும் பெரியவர்கள் படம் என்று எதைப் பிரிண்ட் போடக் கொடுத்தாலும் வாடிக்கையாளர்கள் முதலில் கேட்பது, "லேப் பிரிண்ட்தானே?" என்பதுதான். லேப் பிரிண்ட் என்றால் காலத்துக்கும் நிற்கும், இங்க்ஜெட் (மையைத் துளித்துளியாகத் தெளித்து அடிக்கும் பிரிண்டர்) என்றால் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும் என்ற எண்ணம் ஊரெங்கும் இருக்கிறது. இதில் பாதிதான் சரி. கடைக்கு வெளியே 'கலர் லேப்' என்று பலகை இருப்பதால் மட்டும் உள்ளே பழைய கெமிக்கல் முறையில் பிரிண்ட் ஆகிறது என்று சொல்ல முடியாது. இங்க்ஜெட்டிலும், எந்த இங்க், எந்தத் தாள் என்பதைப் பொறுத்து இரண்டு வருடமும் உண்டு, இரண்டு தலைமுறையும் உண்டு. வாடிக்கையாளருக்கு இது தெரியாததற்குக் காரணம், தொழிலில் இருக்கும் நாங்கள் சொல்லாததுதான். அதனால் இந்தக் கடிதம்.

லேப் பிரிண்ட் என்பது வெள்ளி உப்பு பூசிய தாளில் ஒளி பட்டு உருவாகும் படம். தாளின் இரு புறமும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கும், இதைத்தான் ஆர்.சி. தாள் என்கிறோம். முன்பக்கம் ஜெலட்டினில் மூன்று அடுக்குகள்: மேலே சயான் (பச்சை கலந்த நீலம்), நடுவில் மஜெந்தா (ஊதா கலந்த சிவப்பு), அடியில் மஞ்சள். ஃபுஜி ஃபிரன்டியர், நோரிட்சு போன்ற மெஷின்கள் சிவப்பு, பச்சை, நீல லேசர்களால் தாளில் படத்தை எழுதும். அங்குலத்துக்கு 300 அல்லது 320 புள்ளி. பிறகு 35 முதல் 38 டிகிரி சூட்டில் டெவலப்பரில் (படத்தை வெளிக்கொண்டுவரும் கெமிக்கல்) சுமார் 45 விநாடி, பிளீச்-ஃபிக்ஸில் (வெள்ளியைக் கரைத்து எடுப்பது) 45 விநாடி, ஸ்டெபிலைசரில் (மிஞ்சிய கெமிக்கலைக் கழுவுவது) ஒன்றரை நிமிடம், அடுத்து டிரையர். நான்கு நிமிடத்தில் கையில் படம். இதற்கு ஆர்.ஏ.-4 முறை என்று பெயர். வெள்ளி முழுக்கக் கரைந்து வெளியே போய்விடும். படத்தில் மிஞ்சுவது சாயம் மட்டுமே. "வெள்ளியில் போட்ட படம், அழியாது" என்று சிலர் சொல்வது கறுப்பு வெள்ளைக்குப் பொருந்தும், கலருக்குப் பொருந்தாது.

இந்த முறையின் உயிர் கெமிக்கலில் இருக்கிறது. தினமும் நிறையத் தாள் ஓடினால் புது டெவலப்பர் சேர்ந்துகொண்டே இருக்கும், கலர் ஒரே சீராக வரும். ஆர்டர் குறைந்து நாளைக்கு ஐம்பது, நூறு படம்தான் என்றால் டேங்கில் இருக்கும் டெவலப்பர் காற்றுப் பட்டுக் கெடும். வெள்ளைச் சட்டையில் லேசான மஞ்சள், கறுப்பில் அடர்த்திக் குறைவு, முகத்தில் பச்சைச் சாயல் எல்லாம் வரும். அதைவிட மோசம் கடைசித் தொட்டி. ஸ்டெபிலைசர் பழையதானால் கெமிக்கல் தாளிலேயே தங்கும். கடையில் வாங்கும்போது படம் பளிச்சென்று இருக்கும். சில வருடம் கழித்து ஓரங்களிலிருந்து மஞ்சள் பரவும். தினமும் காலையில் கன்ட்ரோல் ஸ்ட்ரிப் (சோதனைத் தாள்) ஓட்டி, நிற அடர்த்தியை அளக்கும் டென்சிடோமீட்டரில் அளந்து குறித்து வைக்கும் லேப்பில் இந்தப் பிரச்சினை வராது. பெரிய ஆர்டர் கொடுப்பவர்கள் அந்தக் குறிப்பைக் கேட்டுப் பார்க்கலாம். ஒழுங்காக நடத்தும் லேப்காரர் மகிழ்ச்சியோடு காட்டுவார்.

கெமிக்கல் செலவும் கழிவுநீர்த் தொல்லையும் தாங்காமல் பல லேப்கள் 'டிரை லேப்' மெஷினுக்கு மாறிவிட்டன. ஃபுஜி டி.எக்ஸ்.100, எப்சன் ஷ்யூர்லேப் டி700 எல்லாம் இந்த வகை. பார்க்க மினிலேப் (கடையில் வைக்கும் கெமிக்கல் லேப் மெஷின்) மாதிரி இருக்கும், ரோல் தாளில் ஓடும், தாளே தானாக வெட்டி விழும். ஆனால் உள்ளே இருப்பது டை இங்க் (நீரில் கரைந்த சாய மை) ஊற்றிய இங்க்ஜெட்தான். மெஷின் நல்ல மெஷின், படமும் நன்றாகவே வரும். அதை 'லேப் பிரிண்ட்' என்ற பெயரில் கொடுப்பதுதான் சரியல்ல. நின்ற இடத்தில் பாஸ்போர்ட் சைஸ் தரும் கடைகள் பலவற்றில் இருப்பது மூன்றாவது வகை, டை-சப். ரிப்பனில் இருக்கும் சாயத்தைச் சூட்டால் தாளுக்கு ஏற்றி, மேலே ஒரு தெளிவான படலம் ஒட்டித் தருவது. உடனே காய்ந்த படம் வரும், ஈரக் கையால் தொட்டாலும் ஒன்றும் ஆகாது.

கையில் இருக்கும் படம் எந்த வகை என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். வாட்ச் ரிப்பேர்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். கன்னத்தின் வெளிச்சமான பகுதியையோ வெளிறிய வானத்தையோ பாருங்கள். தனித்தனிப் புள்ளிகள் தூவியது போலத் தெரிந்தால் இங்க்ஜெட். புள்ளியே இல்லாமல் நிறம் ஒரே சீராக இறங்கினால் லேசர் லேப் பிரிண்ட் அல்லது டை-சப். ஓரத்தில் ஒரு துண்டைக் கிழித்துப் பார்த்தால் தாளின் தரமும் தெரியும்: ஆர்.சி. தாளாக இருந்தால் கிழிந்த இடத்தில் பிளாஸ்டிக் தோல் நீளும். நோட்டுப் புத்தகத் தாள் போலக் கிழிந்தால் அது வெறும் காகிதத்தின் மேல் பளபளப்புப் பூச்சு.

பழைய படங்களுக்கு இன்னொரு அடையாளம் உண்டு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் நனைந்த ஆல்பங்கள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். லேப் பிரிண்டில் ஈரம் அரித்த இடத்தின் விளிம்பு முதலில் சிவப்பாகவும், அடுத்து மஞ்சளாகவும், நடுவில் வெள்ளையாகவும் இருக்கும். மேலடுக்கான சயான் போனதும் மஜெந்தாவும் மஞ்சளும் சேர்ந்து சிவப்பு. மஜெந்தாவும் போனால் மஞ்சள். அதுவும் போனால் வெறும் தாள். நகத்தால் ஆழமாகக் கீறினாலும் இதே வரிசைதான். இங்க்ஜெட்டில் இந்த வரிசை வராது. கீறினால் நேரே வெள்ளை, நனைந்தால் சாயம் கலங்கிய தடம்.

இனி இங்க்ஜெட். இதில் டை இங்க், பிக்மென்ட் இங்க் என்று இரண்டு. டை என்பது நீரில் முழுதும் கரைந்த சாயம். நிறம் துள்ளலாக இருக்கும், கிளாஸி தாளில் கண்ணாடி போலப் பளபளக்கும். ஆனால் வெளிச்சமும் காற்றும் அதை எளிதில் தாக்கும். பிக்மென்ட் என்பது கரையாத நுண்துகள். துகளின் மேல்பகுதி வெளிச்சத்தில் சிதைந்தாலும் உள்ளே இருப்பது நிற்கும்; அதனால்தான் அதற்கு ஆயுள் அதிகம். ஸ்டூடியோக்களில் பரவலாக இருக்கும் எப்சன் எல்805, எல்8050 போன்ற ஆறு கலர் இங்க் டேங்க் மெஷின்கள் டை வகை. பிக்மென்ட் வேண்டுமென்றால் எப்சன் ஷ்யூர்கலர் பி900, கேனன் புரோ-1000 மாதிரியான மெஷின்கள் வேண்டும். சில ஆபீஸ் மெஷின்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், மற்ற மூன்றும் டை. அவற்றில் கிளாஸி தாள் போட்டால் அந்தக் கறுப்பு வேலைக்கே வராது. மூன்று கலரைக் கலந்துதான் கறுப்பு உண்டாகும். தலைமுடி பழுப்பாகத் தெரிவது இதனால்தான்.

தாளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான ஏமாற்றம் இங்கேதான். இன்றைய இங்க்ஜெட் போட்டோ தாளின் மேல்பூச்சு நுண்துளைகள் நிறைந்தது. இங்க் விழுந்த கணமே துளைக்குள் இறங்கிவிடுவதால் படம் உடனே காய்ந்தது போல இருக்கும். ஆனால் துளை திறந்தே இருக்கிறது. அதன் வழியாகக் காற்றில் இருக்கும் ஓசோன் உள்ளே போய்ச் சாயத்தைச் சிதைக்கிறது. முதலில் அடிபடுவது பெரும்பாலும் சயான். சயான் போனால் படம் செம்மஞ்சளாகும். 2000-ஆம் ஆண்டு எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 பிரிண்டர்கள் வந்த புதிதில் அமெரிக்காவில் பலருடைய படங்கள் சில வாரங்களிலேயே ஆரஞ்சு நிறமானதும் இந்த வகைக் கோளாறுதான். அதன் பிறகு இங்க்கும் தாளும் நிறைய முன்னேறிவிட்டன. ஆனால் நம் கடைகளில் ஒரிஜினல் இங்க் தீர்ந்ததும் விலை குறைந்த 'கம்பாட்டிபிள்' இங்க்கை லிட்டர் கணக்கில் வாங்கி ஊற்றி, பெயர் தெரியாத 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) 'ஹை கிளாஸி' தாளில் அடிக்கும்போது நிலைமை மறுபடி 2000-க்கே போய்விடுகிறது. அந்த 180 ஜி.எஸ்.எம். தாள் பெரும்பாலும் ஆர்.சி. அல்ல, ஈரம் பட்டால் சுருளும், பசை தடவினால் அலையடிக்கும். விண்ணப்பத்தில் ஒட்டிய பாஸ்போர்ட் போட்டோவில் முகம் கலங்கிப் போவதற்கு இந்தத் தாளும் நீர்ப் பசையும் சேர்ந்ததே காரணம்.

கண்ணுக்குத் தெரியும் தரத்தில் எது மேல் என்றால், படத்தைப் பொறுத்தது. முகத்தின் தோல் நிறம் மெதுவாக வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு இறங்கும் அழகு லேசர் லேப் பிரிண்டில் அபாரமாக வரும். நான்கு கலர் இங்க்ஜெட் அதன் பக்கத்தில் நிற்காது. ஆறு, எட்டு, பத்து கலர் மெஷின் நிற்கும். பட்டுப் புடவை என்று வந்தால் கதை மாறும். மயில்கழுத்து நிறத்தையும் கிளிப்பச்சையையும் எடுத்துக்கொள்ளுங்கள். லேப்களுக்குப் போகும் எஸ்.ஆர்.ஜி.பி. (நிற எல்லை குறுகிய வகை) ஃபைலில் அந்த நிறங்களின் உச்சம் அடங்காது. நீலமும் பச்சையும் ஒன்றின் மேல் ஒன்று மாறி மின்னும் இடம் ஒரே தட்டையான நீலமாகிவிடும். அதைவிட நிற எல்லை விரிந்த அடோப் ஆர்.ஜி.பி. ஃபைலை நேரே பிக்மென்ட் இங்க்ஜெட்டில் நல்ல கிளாஸி அல்லது லஸ்டர் தாளில் அடித்தால் அந்த மினுக்கத்தில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். அதே அடோப் ஆர்.ஜி.பி. ஃபைலை மாற்றாமல் லேப்புக்கு அனுப்பினால் அதன் புரொஃபைலை (நிறக் கணக்கைச் சொல்லும் குறிப்பை) மெஷின் கண்டுகொள்ளாது, எல்லா நிறமும் சோகை பிடித்தது போல வரும். பழியை லேப் மேல் போடும் முன் இதைப் பார்க்க வேண்டும்.

கறுப்பு வெள்ளையில் எங்கள் வாக்கு பிக்மென்ட் இங்க்ஜெட்டுக்குத்தான். கலர் தாளில் கறுப்பு வெள்ளைப் படம் போட்டால் மூன்று சாயமும் சமமாக விழ வேண்டும். கெமிக்கல் துளி மாறினாலும் பச்சையோ ஊதாவோ தட்டும். கறுப்பு, சாம்பல், வெளிர் சாம்பல் என்று தனித்தனி இங்க் உள்ள மெஷினில் அந்தக் கவலை குறைவு. தாத்தா பாட்டியின் பழைய படத்தை ஸ்கேன் செய்து திருத்திப் பெரிதாக்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்கலாம். மேட் தாளில் போட்டால் மேட் பிளாக் இங்க்கும், கிளாஸியில் போட்டால் போட்டோ பிளாக் இங்க்கும் தேர்வாகியிருக்க வேண்டும். மாறினால் கறுப்பு சாம்பலாகும் அல்லது விரலில் ஒட்டும். மேட் தாளில் கறுப்பின் ஆழம் கிளாஸி அளவுக்கு எப்போதும் வராது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

ஸ்டூடியோ நடத்தும் நண்பர்களுக்கு இரண்டு வார்த்தை. இங்க்ஜெட்டில் தோல் நிறம் காரணமில்லாமல் மஜெந்தா அடித்தால் ஃபோட்டோஷாப், பிரிண்டர் டிரைவர் இரண்டும் கலரைத் திருத்துகின்றனவா என்று முதலில் பாருங்கள். ஃபோட்டோஷாப்பில் தாளின் புரொஃபைலைக் கொடுத்தால் டிரைவரில் கலர் திருத்தத்தை நிறுத்திவிட வேண்டும். மீடியா டைப்பில் கிளாஸி தாளுக்கு 'பிளெய்ன் பேப்பர்' விட்டுவைத்தால் இங்க் அளவே தவறாகும். கோடு கோடாக வந்தால் உடனே ஹெட் கிளீனிங் கொடுக்காமல் நாஸில் செக் எடுத்துப் பாருங்கள். ஓரிரு கோடு விட்டிருந்தால் ஒரு கிளீனிங், சரியாகவில்லையென்றால் சில மணி நேரம் விட்டு இன்னொன்று. அடுத்தடுத்து ஐந்தாறு தடவை கொடுத்தால் கழிவு இங்க் பேட்தான் நிரம்பும். வேலை இல்லாவிட்டாலும் வாரத்துக்கு ஒரு கலர் படம் ஓட வேண்டும்.

ஃபைல் அளவிலும் மக்கள் ஏமாறுகிறார்கள். 4×6 அங்குலத்துக்கு 1200×1800 பிக்சல் இருந்தால் போதும். 12×18 வேண்டுமென்றால் 3600×5400. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் பெரும்பாலும் நீளப் பக்கம் 1600 பிக்சலுக்குச் சுருங்கி வரும். அதை 8×12 போட்டால் அங்குலத்துக்கு 133 பிக்சல்தான் கிடைக்கும். எந்த மெஷினாலும் அதைச் சரிசெய்ய முடியாது. 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

ஆயுள் பற்றிப் பெட்டியில் அச்சிடும் '100 ஆண்டு', '200 ஆண்டு' கணக்கை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவின் வில்ஹெல்ம் இமேஜிங் ரிசர்ச் நிறுவனம் ஆண்டுக் கணக்குச் சொல்லும்போது, 450 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் நாளுக்கு 12 மணி நேரம், 24 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்கிறது. கோடாக் தன் தாளுக்குக் கணக்குச் சொன்னபோது வைத்துக்கொண்ட வெளிச்சம் 120 லக்ஸ். இவ்வளவு வித்தியாசம் இருந்தால் ஒரே தாளுக்கு வரும் ஆண்டுக் கணக்கும் பல மடங்கு மாறத்தானே செய்யும்? கண்ணாடிக்குள் வைத்த ஃபுஜி கிரிஸ்டல் ஆர்க்கைவ் தாளுக்கு வில்ஹெல்ம் சொன்னது சுமார் 40 ஆண்டு. நல்ல பிக்மென்ட் இங்க், நல்ல தாள் சேர்ந்தால் அதைவிட அதிகம். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டுவது அன்றாடம். ஜன்னல் வழியே நேர் வெயில் விழும் சுவரில் லக்ஸ் கணக்கு ஆயிரங்களில் போகும். அங்கே 40 என்பது நிற்காது.

இருட்டில் வைத்தால் மங்காது என்பதும் முழு உண்மை இல்லை. 1970-களின் கலர் படங்கள் பூட்டிய பீரோவில் ஆல்பத்துக்குள்ளேயே இருந்தும் சிவந்து கிடப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். அந்தக் காலத் தாளின் சயான் சாயம் வெளிச்சமே படாமல், வெப்பத்தால் மட்டும் சிதைந்தது. பிறகு வந்த தாள்களில் இது வெகுவாகக் குறைந்துவிட்டது. அந்தச் சிவந்த படங்களைத் தள்ளிப்போடாமல் இப்போதே ஸ்கேன் செய்யுங்கள். சயான் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்போதுதான் நிறத்தை மீட்க முடியும்.

எந்தப் பிரிண்டாக இருந்தாலும் நம் வீடுகளில் அதைக் கெடுப்பது பெரும்பாலும் ஃபிரேம். மறைந்த பெரியவர்களின் படத்துக்கு மாலை போடுகிறோம், கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைக்கிறோம், பக்கத்தில் ஊதுபத்தி, மேலே ஒரு சிறு பல்பு. ஈர மாலையின் நீர் ஃபிரேம் இடுக்கு வழியாக உள்ளே இறங்கும். படம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஜெலட்டின் ஈரத்தை இழுத்து ஊதி, கண்ணாடியோடு ஒட்டிவிடும். ஃபிரேம் கடையில் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் மவுன்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். கூடுதல் செலவு சொற்பம். பின்பக்கம் பிளைவுட்டோ நியூஸ் பேப்பரோ நேரே படத்தில் படக் கூடாது; அவற்றிலிருந்து வரும் அமிலம் படத்தை மஞ்சளாக்கும். இங்க்ஜெட் பிரிண்ட்டை வாங்கிய கையோடு ஃபிரேம் போடவோ லேமினேஷன் செய்யவோ கூடாது. தொட்டால் காய்ந்தது போல இருந்தாலும் உள்ளே இங்க்கில் கலந்த கிளைக்கால் (மெதுவாக ஆவியாகும் திரவம்) இருக்கும்; மூடிவிட்டால் கண்ணாடியின் உள்பக்கம் பனி படர்ந்தது போல மங்கும். சாதாரண வெள்ளைத் தாளை மேலே விரித்து ஒரு முழு நாள் விட்டுவையுங்கள். காய்ந்த பிறகு சூடில்லாமல் ஒட்டும் கோல்டு (cold) லேமினேஷன் டை இங்க் படத்துக்கு நல்லது, ஓசோனைத் தடுக்கும்.

ஏற்கெனவே கண்ணாடியில் ஒட்டிவிட்ட படத்தைக் கத்தியால் நெம்பாதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் வைத்து ஸ்கேன் எடுங்கள். அது முதல் வேலை. பிறகு படம் லேப் பிரிண்ட்தான் என்று உறுதியானால் மட்டும், கண்ணாடியோடு சுத்தமான குளிர்ந்த நீரில் மூழ்கவிடுங்கள். அரை மணியிலிருந்து சில மணி நேரத்தில் ஜெலட்டின் இளகித் தானே வழுக்கும், இழுக்கக் கூடாது. விடுபட்டதும் நீரில் அலசி, படப் பக்கம் எதிலும் படாமல் ஓரத்தில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். டை இங்க்ஜெட் படத்தை நீரில் போட்டால் முடிந்தது, பிக்மென்டிலும் வேண்டாம். பூஞ்சை பிடித்த லேப் படமும் வேண்டாம், பூஞ்சை தின்ற ஜெலட்டின் நீரில் கரைந்து ஓடும். கையால் கலர் தீட்டிய பழைய கறுப்பு வெள்ளைப் படங்களையும் நனைக்கவே கூடாது. இவற்றையெல்லாம் கண்ணாடியோடு விட்டுவிட்டு ஸ்கேனிலிருந்து புதுப் படம் போட்டுக்கொள்வதே வழி.

தங்கள் நாளிதழ் வழியாக ஸ்டூடியோ, லேப் நடத்துபவர்களிடம் நாங்கள் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான். படம் கொடுக்கும் கவரில் மூன்று விவரம் எழுதிக் கொடுங்கள்: முறை (லேசர் லேப், டை இங்க்ஜெட், பிக்மென்ட் இங்க்ஜெட், டை-சப்), தாள் (ஆர்.சி.யா இல்லையா, எத்தனை ஜி.எஸ்.எம்.), பிரிண்ட் போட்ட தேதி. ஒரிஜினல் இங்க் இல்லையென்றால் அதையும் சொல்லி விலையைக் குறையுங்கள். ஒரு மாதப் பொருட்காட்சிக்கோ பள்ளி புராஜெக்டுக்கோ அது போதும், வாங்குபவர் தெரிந்து வாங்குவார். வாடிக்கையாளர்களும் எழுதாத கவரை வாங்காமல் கேட்டு எழுதி வாங்குங்கள். இந்த விவரத்தை ரப்பர் ஸ்டாம்பாகப் படத்தின் பின்புறம் குத்த வேண்டாம். ஆர்.சி. தாளின் பின்பக்கம் ஸ்டாம்ப் மை காயாது; அடுக்கி வைத்தால் அடியில் இருக்கும் படத்தின் முகத்தில் பதியும். கவரிலோ ஆல்பத்தின் உள் அட்டையிலோ எழுதினால் போதும்.

இப்படிக்கு,
கலர் லேப், ஸ்டூடியோ பிரிண்டிங் பணியில் இருப்பவர்கள்,
திருச்சி.